செட்டிநாட்டில் பக்தியும் ஓட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் காரைக்குடிப் பக்கம் இரண்டு கணிப்புகள் உலா வரும். "கோயில் ஊரு, இந்தத் தடவை தாமரைதான்" என்பது ஒன்று. "இது பெரியார் மண், டெபாசிட் கிடைக்காது" என்பது இன்னொன்று. மத மரபு சார்ந்த வேட்பாளருக்கு இங்கே எவ்வளவு ஓட்டு விழும் என்ற இந்த இரண்டு கணிப்பையும் எண்களோடு வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். பூத் வேலை பார்ப்பவர், உள்ளூர்ச் செய்தியாளர், ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர் என யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

மத மரபு சார்ந்த வேட்பாளர் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

மத அடையாளத்தையும் மரபையும் காப்பதே அரசியலின் மையம் என்று சொல்லி ஓட்டுக் கேட்பவர்களை. செட்டிநாட்டில் நடைமுறையில் இது பா.ஜ.க. வேட்பாளர்களையும், இந்து முன்னணி போன்ற அமைப்புகள் வேலை செய்யும் வேட்பாளர்களையும் குறிக்கும். விபூதி பூசியவர் எல்லாரும் இதில் வரமாட்டார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் தி.மு.க. ஒன்றியச் செயலாளர்களில் பாதிப் பேர் இந்தப் பட்டியலில் ஏறிவிடுவார்கள்.

செட்டிநாடு எந்தெந்தத் தொகுதிகளில் வருகிறது?

பெரும்பகுதி காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளில். பொன்னமராவதிப் பக்கம் திருமயத்தில் சேரும், தேவகோட்டை காரைக்குடியில் சேரும். மூன்றும் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் இருக்கின்றன. அதில் மீதி மூன்று: ஆலங்குடி, சிவகங்கை, மானாமதுரை தனி. மக்களவைத் தொகுதியின் மொத்த ஓட்டை எடுத்து "செட்டிநாட்டு மனநிலை" என்று எழுதுவது தவறாகப் போவது இதனால்தான். மொத்தத்தில் பாதி, செட்டிநாட்டுக்கு வெளியே விழுந்த ஓட்டு.

இவ்வளவு கோயில், இவ்வளவு பக்தி. ஓட்டு அந்த அளவுக்கு ஏன் இல்லை?

முதல் காரணம், கூட்டத்தில் நிற்பவர் வேறு, வாக்காளர் பட்டியலில் இருப்பவர் வேறு. ஒரு கும்பாபிஷேகத்துக்கு ஊர் நிறைந்துவிடும். வந்தவர்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் பல சென்னையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவை. அவர்களுடைய ஓட்டு அண்ணாநகரிலோ மயிலாப்பூரிலோ இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் புள்ளிவரி (கோயிலுக்குக் குடும்பவாரியாகக் கட்டும் வரி) உண்டு, ஓட்டு இல்லை. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களின் செல்வாக்கைப் பார்த்து நகரத்தார் ஓட்டுதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது என்று வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. எண்ணிக்கையில் தீர்மானிப்பவர்கள் கள்ளர், மறவர், அகமுடையார், கோனார், முத்தரையர், வல்லம்பர், உடையார், தேவேந்திரகுல வேளாளர், பறையர் என்று நீளும் கூட்டம்.

இரண்டாவது காரணம் பழையது. இந்த மண்ணில் பக்திக்கும் கட்சிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு, அதை வெட்டியவர்களில் மடத்துக்காரர்களும் இருந்தார்கள். குன்றக்குடி ஆதீனத்தின் 45ஆவது பட்டமாக இருந்த தெய்வசிகாமணி அருணாசல தேசிகர், ஊர் அழைத்தபடி குன்றக்குடி அடிகளார், பெரியாரோடு பழகி மேடையும் பகிர்ந்துகொண்டவர். தி.மு.க. ஆட்சியில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். காலையில் குன்றக்குடி முருகனான சண்முகநாதரைக் கும்பிட்டு மாலையில் கருப்புச் சட்டைக்காரர் பேச்சைக் கேட்கப் போவதில் இங்கே ஒரு தலைமுறைக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை.

மூன்றாவது, இது செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியா முழுக்கச் சுமார் 30,000 பேரிடம் எடுத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 2019இல் பா.ஜ.க.வுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்ன இந்து வாக்காளர்கள் வட மாநிலங்களில் 68 விழுக்காடு, தென் மாநிலங்களில் 19 விழுக்காடு. தெற்கில் இருப்பவர் சாமி கும்பிடாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் பா.ஜ.க. வாங்கிய லட்சக்கணக்கான ஓட்டு எங்கிருந்து வந்தது?

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிவகங்கை மக்களவைத் தொகுதியின் கடைசி மூன்று கணக்கு:

2014: எச். ராஜா, சுமார் 1.34 லட்சம். தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க. கூட்டணி. மூன்றாமிடம். பதிவானதில் ஆறில் ஒரு பங்கு வரவில்லை என்பதால் டெபாசிட் போனது. வென்ற அ.தி.மு.க. சுமார் 4.76 லட்சம்.

2019: மீண்டும் எச். ராஜா, இந்த முறை அ.தி.மு.க. கூட்டணி. சுமார் 2.34 லட்சம், இரண்டாமிடம். வென்ற காங்கிரசின் கார்த்தி சிதம்பரம் சுமார் 5.66 லட்சம். அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த தினகரனின் அ.ம.மு.க. தனியாக நின்று 1.22 லட்சம்.

2024: தாமரைச் சின்னத்தில் தேவநாதன் யாதவ், அ.ம.மு.க.வும் ஓ.பன்னீர்செல்வம் அணியும் உள்ள கூட்டணி. சுமார் 1.96 லட்சம், மூன்றாமிடம். அ.தி.மு.க. தனியாக 2.22 லட்சம். காங்கிரஸ் 4.28 லட்சம்.

இப்போது 2014இன் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். 4.76ம் 1.34ம் சேர்ந்து 6.10 லட்சம். அதே இரு கட்சிகளும் 2019இல் கைகோத்தபோது வந்தது 2.34 லட்சம். அ.ம.மு.க. பிரித்தது முழுவதையும் திருப்பிச் சேர்த்தாலும் 3.56 லட்சம்தான். மிச்சம் இரண்டரை லட்சம் கரைந்துவிட்டது. ஜெயலலிதா இல்லாததும், மாநிலம் முழுக்க வீசிய அலையும் பெரிய காரணங்கள். ஆனால் இரட்டை இலைக்குப் பழகிய கை தாமரைக்குத் தானாகப் போய்விடும் என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை என்பதும் உண்மை.

2024க்கு வாருங்கள். 2.22ம் 1.96ம் சேர்ந்தால் 4.18. "சேர்ந்திருந்தால் நெருங்கியிருப்போம்" என்று இரு தரப்பிலும் சொன்னார்கள். 2019ஐப் பார்த்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். மேலும் அந்த 1.96 லட்சத்துக்குள் அ.ம.மு.க. ஓட்டும் ஓ.பி.எஸ். ஆதரவு ஓட்டும் வேட்பாளரின் சொந்தச் சமூக ஓட்டும் கலந்திருக்கின்றன. மதக் காரணத்துக்காக மட்டும் விழுந்தது எவ்வளவு என்று அந்த ஒரே எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொரு தேர்தலிலும் துணை மாறியிருக்கிறது, அதனால் அடிப்படை ஓட்டு வெளியே தெரியாமலே இருக்கிறது.

தனி ஓட்டை எங்கே பார்க்கலாம்?

தனித்து நின்ற தேர்தல்களில். 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பா.ஜ.க. தனியாக நின்றது. காரைக்குடி, தேவகோட்டை வார்டு முடிவுகள் மாநிலத் தேர்தல் ஆணையத்தில் கிடைக்கும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது: வார்டில் நிற்பவர் தெருக்காரர், மளிகைக் கடைக்காரர், யாரோ ஒருவருக்குச் சம்பந்தி. முகத்துக்கு விழும் ஓட்டு நிறைய. எனவே கட்சி வார்டு வார்டாக வாங்கியதைக் கூட்டிப் பார்க்கும்போது, வேட்பாளர் நிறுத்தப்படாத வார்டுகளை வகுக்கும் எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள், இல்லையென்றால் விழுக்காடு செயற்கையாகக் குறையும். 2016 சட்டமன்றமும் உதவும். பெரிய திராவிடக் கட்சி எதுவும் துணையில்லாமல் நின்ற அந்தத் தேர்தலில் மாநில அளவில் கட்சிக்கு வந்தது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஊராட்சித் தலைவர் தேர்தலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அங்கே கட்சிச் சின்னமே கிடையாது.

2001இல் காரைக்குடியில் ஜெயித்தார்களே?

ஜெயித்தார்கள். தி.மு.க. கூட்டணியில் எச். ராஜா. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பா.ஜ.க. வென்ற நான்கு இடங்களில் காரைக்குடி ஒன்று, வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 1999 மக்களவையிலும் அதே கூட்டணியில் இரண்டாமிடம் வந்திருந்தார். உதயசூரியன்காரர்கள் தாமரைக்கு உழைத்த காலம் அது என்று இளைஞர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 2021இல் அ.தி.மு.க. துணையோடு அதே காரைக்குடியில் நின்றபோது காங்கிரசின் மாங்குடியிடம் 21,589 ஓட்டில் தோல்வி. அ.ம.மு.க. அங்கே சுமார் 45 ஆயிரம் வாங்கியது, வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்கு.

இன்னும் பின்னால் போனால், 1962இலும் 1967இலும் காரைக்குடி ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு வாய்ப்புக் கொடுத்தது. 1962இல் வென்றவர் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன். மரபுப் பிடிப்பும் ஆன்மிகப் பற்றும் உள்ளவருக்கு இந்தத் தொகுதி ஓட்டுப் போடாது என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம். ஆளைப் பார்த்துப் போட்டது அது.

கோயில் விவகாரம் ஒன்று வெடித்தால் இந்து ஓட்டு ஒன்று சேராதா?

பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக நடக்கும். தேவகோட்டை அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி ஆகிய நான்கு நாடுகளின் (ஊர்க் கூட்டங்களின்) நாட்டார் வடம் பிடிக்கும் மரபு. பட்டியல் சமூகத்தினருக்கும் வடம் பிடிக்க உரிமை வேண்டும் என்ற கோரிக்கையில் 1998இல் எழுந்த தகராறு நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் தேர் நின்றது. 2024 ஜூனில்தான் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு மறுபடி ஓடியது. அந்த ஊர்ப் பக்கம் ஒரு வேட்பாளர் "நம் மரபைக் காப்போம்" என்று மைக்கில் சொன்னால், ஒரு தெருவில் கைதட்டல் வரும், அடுத்த தெருவில் "யாருடைய மரபு?" என்ற கேள்வி வரும். யாருக்கு முதல் காளாஞ்சி, யாருக்குப் பரிவட்டம் என்ற கோயில் மரியாதைகளில் பிரிந்து கிடக்கும் ஊரில் கோயிலை வைத்து எல்லாரையும் ஒரே பட்டனை அமுக்க வைப்பது சுலபமில்லை. அனுபவமுள்ள பூத் ஆட்கள் இந்த ஊர்களில் கோயில் பேச்சே எடுக்கமாட்டார்கள், கண்மாய்த் தூர்வாரலைப் பேசுவார்கள்.

"அரசே கோயிலை விட்டு வெளியேறு" என்ற முழக்கம் இங்கே எடுபடுமா?

மற்ற மாவட்டங்களைவிடக் குறைவாக. பிள்ளையார்பட்டி உட்பட நகரக் கோயில்களை நகரத்தார் அறங்காவலர்களே நிர்வகிக்கிறார்கள், அறநிலையத் துறையின் மேற்பார்வை மட்டும் உண்டு. குன்றக்குடி சண்முகநாதர் கோயில் ஆதீனத்தின் கையில். கண்டதேவி, காளையார்கோவில் போன்றவை சிவகங்கை தேவஸ்தானம். எனவே "உங்கள் கோயிலை அரசு பிடுங்கிக்கொண்டது" என்பது கேட்பவர் மனதில் ஒரு குறிப்பிட்ட கோயிலாக உருப்பெறாது. கிராமத்து ஐயனார், கருப்பர், முனீஸ்வரர் கோயில்காரருக்கோ பூசாரிக்கு மாதச் சம்பளமும் பட்டாவும் வந்தால் சரி.

முருகன் அரசியல்?

2020இல் கந்த சஷ்டி கவசம் குறித்த காணொளிச் சர்ச்சைக்குப் பின் பா.ஜ.க. வேல் யாத்திரை நடத்தியது. 2024 ஆகஸ்டில் அறநிலையத் துறை பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூனில் இந்து முன்னணி மதுரையில் முருக பக்தர்கள் மாநாடு. நாம் தமிழர் முருகனை முப்பாட்டன் என்கிறது, 2024இல் இத்தொகுதியில் 1.63 லட்சம் வாங்கியது. எல்லாரும் வேலைப் பிடித்துவிட்டதால் வேல் யாருக்கும் தனிச் சின்னமாக மிஞ்சவில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் நான்கு கட்சி ஓட்டும் நடக்கிறது.

சிறுபான்மையினர் ஓட்டு?

மாவட்டத்தில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இளையான்குடி முஸ்லிம் ஓட்டு மானாமதுரைத் தொகுதியில் வருகிறது, காரைக்குடிக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். மத அடிப்படையிலான எதிர்ப்பேச்சு கடுமையாகும்போது இந்த ஓட்டு ஒரே பக்கம் திரளும். பேச்சு சூடானதால் கிடைத்த ஓட்டும் போன ஓட்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவது அடிக்கடி நடப்பது.

ஒரு ஊரில் ஆதரவு எவ்வளவு என்று சாவடிவாரியாகப் பார்ப்பது எப்படி?

சாவடிவாரியாக முடிவைக் காட்டும் படிவம் 20தான் ஆதாரம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேர்தல், தொகுதி தேர்வு செய்தால் கிடைக்கும். மக்களவைக்கு ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனிக் கோப்பு. பெரும்பாலும் தாளை நகலெடுத்த படமாக இருக்கும், எண்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். 3ம் 8ம் மங்கிப்போய் ஒன்றுபோல் தெரியும். ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் ஓட்டுகளைக் கூட்டி, "செல்லத்தக்க மொத்தம்" பத்தியோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராத வரியை மட்டும் திரும்பப் பாருங்கள். தபால் ஓட்டு கடைசியில் தனி வரி, அதைச் சாவடிகளோடு கலக்கக் கூடாது.

அடுத்த தவறு, சாவடி எண்ணை வைத்து இரண்டு தேர்தலை ஒப்பிடுவது. 2019இல் 112 என்றிருந்தது 2024இல் 117 ஆகியிருக்கும். எண்ணை விட்டுவிட்டு, சாவடிப் பட்டியலில் உள்ள பள்ளிக்கூடத்தின் பெயரையும், அதில் வரும் தெருக்களின் பெயரையும் பொருத்துங்கள். ஒரே பள்ளியில் கிழக்குப் பகுதி, மேற்குப் பகுதி என இரண்டு சாவடி இருந்தால் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள், தெருக்கள் இடம் மாறியிருக்கலாம். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்ற உச்ச வரம்பு 2025இல் வந்ததால் இனி சாவடிகள் இன்னும் பிரியும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. ஆகவே அதற்கு முன்னும் பின்னும் உள்ள "வாக்குப்பதிவு விழுக்காடு" ஒப்பிடத் தகுந்ததல்ல. பதிவான ஓட்டில் கட்சியின் பங்கு மட்டும் ஒப்பிடலாம்.

கணக்கு எப்படி என்பதற்குக் கற்பனை எண்: ஒரு பள்ளியில் 2019இல் 900 ஓட்டுப் பதிவாகி தாமரைக்கு 180, அது 20 விழுக்காடு. 2024இல் 850 பதிவாகி 204, அது 24. ஏற்றம் போலத் தெரியும். அதே பள்ளியில் 2019இல் அ.ம.மு.க. 108, அதாவது 12 விழுக்காடு வாங்கியிருந்தால், 2024இல் அந்தக் கட்சி தாமரையோடு சேர்ந்ததால் எதிர்பார்க்க வேண்டியது 32. ஆக இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் எட்டுப் புள்ளி இறக்கம்; 2019இல் தாமரையோடு இருந்த அ.தி.மு.க. 2024இல் பிரிந்ததையும் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும். மேலோட்டமான தொலைக்காட்சி விவாதம் இப்படிக் கூட்டணி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதால்தான் தடுமாறுகிறது.

நாங்களே கருத்துக் கணிப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம். 400 பேர் என்றால் குறைந்தது கூடக்குறைய 5 விழுக்காடு பிழை இருக்கும். டீக்கடையில் இருப்பவர்களைக் கேட்காதீர்கள். 20 சாவடியைக் குலுக்கல் முறையில் எடுத்து, வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் சாவடிக்கு 20 பெயர் தேர்ந்தெடுத்து வீடு தேடிப் போங்கள். பலர் வெளியூரில் இருப்பார்கள். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு இட்டு நிரப்பினால் திண்ணையில் எப்போதும் இருக்கும் வயதானவர்களே அதிகமாகிவிடுவார்கள். மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். "நீங்கள் யாருக்கு?" என்று வாயால் கேட்டால், ஊர்த் தலைவரான அம்பலகாரர் பக்கத்தில் நிற்கும்போது வரும் பதிலும் நிற்காதபோது வரும் பதிலும் வேறு. "தினமும் கோயிலுக்குப் போவீர்களா?" என்ற கேள்வியை ஓட்டுக் கேள்விக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் பதிலைச் சாய்த்துவிடும். ஓட்டுப் போட்டு வருபவர்களிடம் எடுத்த கணிப்பை ஆணையம் தடைவிதித்த நேரத்தில் வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

வேட்பாளர் கோயிலுக்கு வந்து பரிவட்டம் கட்டிக்கொண்டால் விதிமீறலா?

இல்லை. கும்பிடலாம், மாலை வாங்கலாம். பிராகாரத்தில் நின்று ஓட்டுக் கேட்டால் மீறல். 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டப்படி வழிபாட்டு இடத்தையும் அதன் பணத்தையும் திருவிழாவையும் அரசியலுக்குக் கொடுக்கக் கூடாது. இதில் மாட்டுவது கோயில் நிர்வாகி: ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், பதவியும் போகும். ஒரு நாள் திருவிழாவை ஏற்று நடத்தும் மண்டகப்படிக்காரர் ஆர்வத்தில் மைக்கைக் கொடுத்துவிட்டு அறங்காவலர் அலையும் நிலை வரும். பங்குனி, சித்திரையில் தேர்தல் வந்தால் திருவிழா நோட்டீஸில் வேட்பாளர் படம் போடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) படி ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் இது பொருந்தும் என்றது. வெற்றி செல்லாமல் போகலாம், ஆறு ஆண்டு வரை தகுதியிழப்பும் வரலாம். ஆனால் பேசியது வேட்பாளரோ, அவர் முகவரோ, அவர்கள் ஒப்புதலோடு பேசியவரோ என்று நிரூபிக்க வேண்டும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பெரும்பாலான புகார்கள் ஒப்புதலை நிரூபிக்க முடியாமல்தான் விழுகின்றன.

ஆரத்தித் தட்டில் போடும் பணம், "கோயில் கோபுரம் கட்டித் தருகிறேன்" என்ற வாக்கு?

இரண்டும் லஞ்சக் கணக்கில் வரக்கூடியவை. வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்க்கும் பார்வையாளரின் வீடியோ குழு ஆரத்தித் தட்டைத்தான் முதலில் படம் பிடிக்கும்.

புகார் எப்படிக் கொடுப்பது?

தேர்தல் அறிவித்த பிறகு தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி. சம்பவ இடத்தில் நின்று அப்போதே படமோ, இரண்டு நிமிடத்துக்குள் வீடியோவோ எடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தை ஏற்றாது. எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. கோயிலுக்குள் எடுத்தால் பின்னணியில் கொடிமரமோ கோயில் பெயர்ப் பலகையோ தெரியும்படி எடுங்கள், இல்லையென்றால் இடம் கோயில்தானா என்ற கேள்வியிலேயே புகார் நின்றுவிடும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் 1950க்கு அழைக்கலாம்.